உதை எங்கே போனது? கிரிஸ் வெக்டர் துப்பாக்கி: ஒரு நிகழ்வு ஆய்வு

உதை, அதாவது சுடும்போது பின்னால் வரும் தள்ளு, 60 சதவீதம் குறையும், குழலின் வாய் மேலே தூக்குவது 90 சதவீதம் குறையும் என்று ஒரு துப்பாக்கியை விற்க வந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி "எதைவிட?" என்பதுதான். 2000களின் இரண்டாம் பாதியில் கிரிஸ் வெக்டர் என்ற சப்மெஷின் கன் இந்த இரண்டு எண்களோடுதான் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் துப்பாக்கிப் பிரியர்கள். பல வருடம் நடந்த அந்த வாக்குவாதத்தில் இரண்டு தரப்புமே பாதி சரி, பாதி தவறு. அதனால்தான் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கியைக் கையில் பிடித்தது கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமில், அதுவும் .22 ரைஃபிளோடு சரி. என் ஆர்வம் எந்திரத்தின் மீது. ஒரு புது வடிவமைப்பை எப்படி எடை போடுவது என்பதற்கு இதைவிடச் சுவையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எந்தச் சிக்கலுக்கு இந்தத் தீர்வு?

சப்மெஷின் கன் என்பது கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் சிறிய ஆயுதம். நம் ஊர்க் காவலர்கள் தோளில் பார்த்திருக்கக்கூடிய கார்பைன், அதாவது கான்பூரில் தயாரான ஸ்டெர்லிங் வகை, இந்தக் குடும்பம்தான். பெரும்பாலான சப்மெஷின் கன்களில் குழலைப் பூட்டும் ஏற்பாடே கிடையாது. பின்னால் ஒரு கனமான இரும்புத் துண்டு இருக்கும், அதற்குப் போல்ட் என்று பெயர். குண்டு முன்னால் பாயும்போது வெற்றுக்கூடு போல்ட்டைப் பின்னால் தள்ளும். போல்ட்டின் எடைதான் தாமதம். எளிமை, மலிவு. ஆனால் அந்தக் கனத்த துண்டு ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் ஓடி, கடைசியில் பின்சுவரில் மோதும். தோளுக்கு முதலில் ஒரு தள்ளு, அடுத்து ஒரு தட்டு.

9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இது பெரிய தொல்லை இல்லை. அமெரிக்கர்களின் செல்லத் தோட்டாவான .45 ஏசிபியில்தான் தொல்லை. சுமார் 15 கிராம் எடையுள்ள குண்டு, விநாடிக்கு 260 மீட்டர் வேகம். இதைத் தொடர்ச்சியாகச் சுட்டு அடக்க அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று, துப்பாக்கியையே கனமாக்குவது: தாம்சன் எம்1ஏ1 ஏறக்குறைய 4.8 கிலோ. இன்னொன்று, மெதுவாகச் சுடுவது: 'கிரீஸ் கன்' என்று சிப்பாய்கள் பெயர் வைத்த எம்3 நிமிடத்துக்கு 450 குண்டுதான். 1990களின் இறுதியில் ஜெர்மானிய யூஎம்பி வந்தபோதும் சூத்திரம் மாறவில்லை. பிளாஸ்டிக் உடலால் எடை பாதியானது, வேகத்தை 600 வாக்கில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஸ்விட்சர்லாந்தின் காமா குழுமமும் அதன் அமெரிக்கக் கிளையான டிடிஐயும் (பிற்பாடு கிரிஸ் யூஎஸ்ஏ) வேறு வழியில் போயின. எடை சுமார் 2.7 கிலோ, வேகம் நிமிடத்துக்கு 1,200, அதே .45 தோட்டா. மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

பெயரைப் பற்றி ஒரு கிளைக்கதை. கிரிஸ் என்பது மலாய், ஜாவா மக்களின் நெளிவாள். .45 தோட்டாவே பிறந்தது, தென் பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்கள் வாளோடு பாய்ந்து வந்தபோது .38 ரிவால்வர் அவர்களை நிறுத்தவில்லை என்ற அமெரிக்க ராணுவத்தின் புலம்பலில்தான். அந்த மோரோக்கள் கையிலும் கிரிஸ் இருந்தது. வாளை நிறுத்தப் பிறந்த தோட்டாவை, நூறு வருடம் கழித்து வாளின் பெயர் கொண்ட துப்பாக்கி சுடுகிறது. பெயர் வைத்தவர் இதை யோசித்தாரோ என்னவோ.

உள்ளே என்ன நடக்கிறது?

ரெனோ கெர்பிரா என்ற பொறியாளரின் பெயர் இதன் காப்புரிமைகளில் இருக்கிறது. யோசனை இதுதான்: போல்ட் நேராகத் தோளை நோக்கி ஓடவேண்டியதில்லை. கொஞ்ச தூரம் பின்னால் வந்ததும், சாய்வான தடத்தில் பிணைந்த ஒரு கனத்துண்டை இழுத்துக்கொண்டு, மேகசினுக்கு (தோட்டா அடைக்கும் பெட்டிக்கு) பின்னால் கீழ்நோக்கி இறங்குகிறது. சாய்தடத்தில் சறுக்க வேண்டியிருப்பதால் போல்ட் திறப்பது தாமதமாகும், ஆகவே போல்ட் கனமாக இருக்கத் தேவையில்லை. நிறுவனம் இதற்கு 'சூப்பர் வி' என்று பெயர் வைத்தது.

போல்ட் பின்னால் ஓட இடம் தேவைப்படாததால் வேறொன்றும் சாத்தியமானது. குழலைக் கைப்பிடியின் உயரத்துக்கே இறக்கிவிட்டார்கள். சாதாரணக் கைத்துப்பாக்கியில் குழல் கைக்கு மேலே இருக்கும், வெக்டரில் அது கையின் நேர்கோட்டில் வருகிறது. படத்தில் பார்த்தால் ஏதோ விண்வெளிப் படத்துச் சாமான் மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம். வீடியோ கேம்காரர்கள் அதை உடனே தூக்கிக்கொண்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். நிஜத்தில் சுட்டவர்களைவிடத் திரையில் சுட்டவர்கள் பல ஆயிரம் மடங்கு இருப்பார்கள்.

வாக்குவாதத்தின் மையம்

ஆதரவாளர்கள் காட்டிய சான்று காணொளிகள். ஒருவர் ஒற்றைக் கையால் முழுத் தானியங்கியில், அதாவது விசையை அழுத்திப் பிடிக்கும்வரை தொடர்ந்து சுடும் நிலையில், சுடுகிறார், துப்பாக்கி அசையாமல் நிற்கிறது. உதையைக் கீழே திருப்பிவிட்டார்கள் என்பது விளக்கம். எதிர்த்தவர்கள் நியூட்டனைக் கூப்பிட்டார்கள். முன்னால் எவ்வளவு உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கிய அளவு) போகிறதோ அவ்வளவு பின்னால் வந்தே தீரும், அதை எந்தச் சாய்தடமும் விழுங்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 14.9 கிராம் குண்டு, 260 மீட்டர் வேகம்: உந்தம் 3.9 அலகு. வெடிமருந்து வாயுவையும் சேர்த்தால் சுமார் 4.2. வெக்டர் விநாடிக்கு 20 முறை சுடுகிறது. ஆக, விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுடுபவர் தாங்கவேண்டிய சராசரித் தள்ளு 84 நியூட்டன், கிட்டத்தட்ட எட்டரைக் கிலோ எடை தோளில் சாய்ந்த மாதிரி. அதே தோட்டாவை நிமிடத்துக்கு 700 வீதம் சுடும் தாம்சனில் இது 5 கிலோ. கிரீஸ் கன்னில் மூன்றே சொச்சம். யூஎம்பியில் நாலரைக்கு உள்ளே.

இதில் கவனிக்க வேண்டியது, சராசரித் தள்ளுக்கும் உள்ளே இருக்கும் எந்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது. ஒரு குண்டின் உந்தத்தை, விநாடிக்கு எத்தனை குண்டு என்பதால் பெருக்கினால் விடை வந்துவிடும். போல்ட் கீழே ஓடினாலும் மேலே ஓடினாலும் வட்டமடித்தாலும் அதேதான். கீழே போன கனத்துண்டு அடுத்த குண்டுக்குள் மேலே திரும்பியாக வேண்டும், அதனால் மேல்கீழ்க் கணக்கு ஒரு சுற்றில் பூஜ்யமாகிவிடும். கடனைத் தவணை மாற்றிக் கட்டலாம், கட்டாமல் தப்ப முடியாது. சுடும் வேகத்தை இரட்டிப்பாக்கியதால் வெக்டர் அதிகக் கடன் வாங்கிய துப்பாக்கி. 60 சதவீதம் என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னது இந்த அளவில் சரி.

அப்படியானால் காணொளி பொய்யா? அதுவும் இல்லை. எதிர்த்தரப்பு சறுக்கியது இங்கேதான்.

உதை வேறு, வாய் தூக்குவது வேறு. தள்ளு எங்கே வருகிறது, தாங்கும் கை எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் இடையே எத்தனை உயரம் என்பதுதான் வாய் தூக்குவதைத் தீர்மானிக்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் திறக்காது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் திறக்கும். குழல் கைக்கு மேலே இருந்தால் ஒவ்வொரு குண்டும் துப்பாக்கியைச் சுழற்றும். வெக்டரில் அந்த உயரம் ஏறக்குறைய இல்லை. எட்டரைக் கிலோ தள்ளு வருகிறது, ஆனால் நேர் பின்னால் வருகிறது. உடம்பை முன்னால் சாய்த்து நின்றால் தாங்கிவிடலாம். சுழற்சியைத் தாங்க மணிக்கட்டு வேண்டும், நேர்த்தள்ளைத் தாங்க உடம்பின் கனமே போதும்.

சுட்டுப் பார்த்தவர்கள் பலர் "தட்டு இல்லை, தள்ளுதான் இருக்கிறது" என்று சொன்னதிலும் உண்மை உண்டு. சாதாரண வகையில் போல்ட் பின்சுவரில் மோதும் தட்டு தோளுக்கு நேராக வரும். இதில் அந்த மோதல் கீழே நடக்கிறது. மொத்தம் அதேதான், தோளில் இறங்கும் விதம் மாறுகிறது. மனிதத் தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

என் கணிப்பில், வெக்டரின் நல்ல பெயரில் பெரும்பங்கு தாழ்ந்த குழலுக்குச் சேர வேண்டியது. விளம்பரம் அதைக் கீழே ஓடும் போல்ட்டுக்கு எழுதிவைத்தது. போல்ட் கீழே ஓடியதால்தான் குழலை அப்படித் தாழ்த்த இடம் கிடைத்தது என்று வாதிட்டால் மறுக்கமாட்டேன். ஆனால் அது மறைமுகமான பங்கு.

வேகம் வரமா?

நிமிடத்துக்கு 1,200 என்பதை ஆதரித்தவர்கள் ஒரு கூர்மையான வாதம் வைத்தார்கள். வெக்டரில் இரண்டு குண்டு மட்டும் சுடும் நிலை ஒன்று உண்டு. இரண்டுக்கும் இடையே விநாடியில் இருபதில் ஒரு பங்குதான். மனிதன் எதற்கும் எதிர்வினை காட்ட ஐந்தில் ஒரு பங்கு விநாடியாவது ஆகும். உதையை உணர்ந்து உடம்பு அசைவதற்குள் இரண்டாவது குண்டும் போயிருக்கும்.

அழகான வாதம், முன்னுதாரணமும் உண்டு. ரஷ்யாவின் ஏஎன்-94 ரைஃபிள் முதல் இரண்டு குண்டுகளை நிமிடத்துக்கு 1,800 என்ற வேகத்திலும், ஜெர்மனியின் ஜி11 ரைஃபிள் மூன்று குண்டுகளை 2,100 வாக்கிலும் சுட்டது இதே நோக்கத்தில்தான். ஆனால் அவற்றில் குழலும் எந்திரமும் சேர்ந்து உறைக்குள்ளேயே பின்னால் நகரும். கடைசிக் குண்டு வெளியேறும்வரை உதை தோளுக்கு வந்து சேராது, நிஜமாகவே தள்ளிப்போடப்படுகிறது. வெக்டரில் அந்த ஏற்பாடு இல்லை. உடம்பு எதிர்வினை காட்டாது என்பது சரி, அதற்காகத் துப்பாக்கி நகராமல் இருக்காது. நீட்டிய கையை யாராவது தள்ளினால், நாம் உணர்வதற்கு முன்பே கை நகர்ந்திருக்கும் அல்லவா?

வேகத்தின் மறுபக்கம் மேகசினில் தெரியும். ஆரம்ப வெக்டர் கிளாக் 21 கைத்துப்பாக்கியின் மேகசினையே பயன்படுத்தியது. எங்கும் கிடைக்கும், நம்பகமானது. துப்பாக்கி உலகம் ஒருமனதாகப் பாராட்டிய முடிவு இது. அதில் 13 தோட்டா. முழுத் தானியங்கியில் 0.65 விநாடியில் காலி. நீட்டிய 30 தோட்டா மேகசின் போட்டாலும் ஒன்றரை விநாடிதான். ஒரு தும்மல் நேரம்.

தாம்சனின் பூட்டு

இந்த விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நூறு வருடத்துக்கு முந்தைய கதை ஒன்று நினைவுக்கு வரும். ஜான் தாம்சன் 1916ல் ஆட்டோ-ஆர்ட்னன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதே ஒரு கண்டுபிடிப்பை நம்பித்தான். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் பிளிஷ், பெரும் அழுத்தத்தில் இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று கருதினார். பீரங்கிகளில் அவர் கவனித்த விஷயம். அந்தத் தத்துவத்தில் செய்த வெண்கலத் துண்டுதான் தாம்சன் துப்பாக்கியின் பூட்டு, அதன் பெருமை, அதன் விலைக்கும் ஒரு காரணம். 1921ல் ஒரு தாம்சன் 200 டாலர் சொச்சம்.

போர் வந்தது, லட்சக்கணக்கில் வேண்டும் என்று ராணுவம் கேட்டது. 1942ல் எம்1 வடிவத்தில் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டார்கள். வெறும் கனமான போல்ட். துப்பாக்கி அதே மாதிரி சுட்டது, உற்பத்தி எளிதானது, விலை சரிந்தது. இருபது வருடம் 'தாம்சனின் ரகசியம்' என்று பேசப்பட்ட துண்டு இல்லாமலே தாம்சன் தாம்சனாக இருந்தது.

வெக்டரையும் பிளிஷ் பூட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சூப்பர் வி உண்மையில் வேலை செய்யும் தாமத ஏற்பாடு. ஆனால் ஒரு துப்பாக்கி நன்றாக இருப்பதும், அதைச் செய்தவர் சொல்லும் காரணத்தால்தான் அது நன்றாக இருக்கிறது என்பதும் இரண்டு தனித்தனிக் கூற்றுகள். எதிர்த்தரப்பில் விவரமானவர்கள் தாம்சனை இழுத்தது இதற்காகத்தான்.

வாங்கியது யார்?

இனி நான் இந்த ஆய்வின் முக்கியப் பகுதி என்று கருதுவது.

அமெரிக்காவில் 1986 மே மாதத்துக்குப் பிறகு தயாரான எந்த இயந்திரத் துப்பாக்கியையும் சாதாரணக் குடிமகன் வாங்க முடியாது. 1934ன் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் கொண்ட ரைஃபிளுக்குப் பதிவும் 200 டாலர் வரியும் தனியாக இருந்தன. ஆகவே கடையில் தடையில்லாமல் கிடைத்த வெக்டர், ஐந்தரை அங்குலக் குழலுக்குப் பதிலாக 16 அங்குலக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு மட்டும் சுடும் கார்பைன். விலை 2,000 டாலரை ஒட்டி.

தொடர்ந்து சுடும்போது அடங்கும் என்பதுதான் இந்தத் துப்பாக்கியின் மொத்தப் பெருமையும். வாங்கக்கூடியவர்களுக்குத் தொடர்ந்து சுட அனுமதியே இல்லை. மலையேற்றத்துக்கென்றே வடிவமைத்த வண்டியை, மலையே இல்லாத ஊரில் விற்ற கதை. ஒவ்வொன்றாகச் சுடும்போது எந்த .45 கார்பைனும் அடங்கித்தான் இருக்கும், நீண்ட குழலின் கனம் வேறு சேர்கிறது. "இந்த விலைக்கு இதில் என்ன அதிகம்?" என்று கேட்டவர்களுக்கு ஆதரவாளர்களிடம் நல்ல பதில் இல்லை. லாஸ் வேகஸ் மாதிரி இடங்களில் வாடகைக்குச் சுடவிடும் கூடங்கள் உண்டு. அங்கே ஒரு மேகசின் சுட்டுவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னவர்களின் மொத்த அனுபவமும் ஒன்றரை விநாடிதான் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

சரி, முழுத் தானியங்கியை வாங்கக்கூடியவர்கள் போலீசும் ராணுவமும். அவர்கள் பார்வை அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் வடக்கு ஹாலிவுட்டில் குண்டு துளைக்காத உடுப்பு போட்ட இரண்டு வங்கிக் கொள்ளையர்களைப் போலீசின் கைத்துப்பாக்கிகள் ஒன்றும் செய்யவில்லை. போலீசார் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைஃபிள் இரவல் வாங்கி வரவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ரோந்து வண்டிகளில் குட்டை ரைஃபிள்கள் ஏறின. கைத்துப்பாக்கித் தோட்டாவை எவ்வளவு அழகாகச் சுட்டாலும் அது கைத்துப்பாக்கித் தோட்டாதான். மெதுவான, பருத்த .45 உடுப்பைத் துளைப்பதில் இன்னும் மோசம். எந்தப் பெரிய ராணுவமும் வெக்டரைத் தன் முதன்மை சப்மெஷின் கன்னாக எடுத்துக்கொள்ளாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

விசை கனமாக, மொழுமொழுவென்று இருக்கிறது, இடதுகையை வைக்க முன்னால் இடம் போதவில்லை, பாதுகாப்புப் பொத்தானும் சுடும் நிலை மாற்றியும் தனித்தனியாக இருக்கின்றன: இப்படிச் சின்னப் புகார்களும் நிறைய. நான்கு ஊசிகளை உருவினால் துப்பாக்கி கையோடு பிரிந்து வந்துவிடும் என்பதைப் புகார் சொன்னவர்களும் மெச்சினார்கள்.

அப்புறம்

2015ல் இரண்டாம் தலைமுறை வந்தது. பாதுகாப்புப் பொத்தானின் சுழற்சி 90 பாகையிலிருந்து 45 ஆனது, 9 மில்லிமீட்டரிலும் கிடைத்தது. விற்பனைக்கு நல்லது, தோட்டா மலிவு. ஆனால் 9 மில்லிமீட்டரில் இந்த ஏற்பாடே தேவையா என்ற கேள்வி வலுத்தது. ஜெர்மனியின் எம்பி5 சப்மெஷின் கன், உருளைகளால் போல்ட்டைத் தாமதப்படுத்தும் ஏற்பாட்டில் அதை 1966லிருந்து சாதுவாகச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

2019 ஏப்ரலில் அமெரிக்க ராணுவம், உயர் அதிகாரிகளின் மெய்க்காவல் வீரர்களுக்காக ஒரு குட்டி சப்மெஷின் கன்னைத் தேர்ந்தெடுத்தது. முதல் கட்டமாக 350, தேவைப்பட்டால் மேலும் 1,000. கிடைத்தது சுவிஸ் நிறுவனமான பி அண்ட் டியின் ஏபிசி9கே. 9 மில்லிமீட்டர், பழைய பாணியில் நேராகப் பின்னால் ஓடும் போல்ட், பின்னால் அதன் மோதலை வாங்கிக்கொள்ள ஒரு நீர்மத் தாங்கி. வண்டிச் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த மாதிரி. தட்டைத் தணிக்க வேண்டும் என்ற அதே சிக்கலுக்கு இதுவும் விடைதான், புரட்சி என்ற பேச்சில்லாமல்.

வெக்டருக்குப் பொருத்தமான இடம் அதன் விளம்பரம் சொல்லாத மூலையில் கிடைத்தது என்று நினைக்கிறேன்: 10 மில்லிமீட்டர் ஆட்டோ. .45ஐவிட முரட்டுத் தோட்டா. பூட்டில்லாத எளிய வகையில் இதைச் சுட மிகக் கனமான போல்ட் வேண்டும், துப்பாக்கி பின்பாரம் ஏறித் தொங்கும். சாய்தடத்தின் தாமதம் இருப்பதால் வெக்டரில் போல்ட் இலேசாக இருந்தே சமாளிக்கிறது. ஒவ்வொரு குண்டாகச் சுட்டாலும் இந்தப் பயன் உண்டு, கடையில் வாங்கிய 16 அங்குலக் குழல்காரருக்கும் உண்டு. ஆரம்பத்தில் நியூட்டனைக் கூப்பிட்ட கூட்டத்திலேயே சிலர் 10 மில்லிமீட்டர் வெக்டரை வாங்கினார்கள் என்று கேட்டால் நான் நம்புவேன்.